அப்பாவைத் தாங்கிய கைகளுக்கு நன்றி

அன்பார்ந்த உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

அப்பா மறைந்து ஒரு மாதம் ஆகிறது. காரியங்கள் முடிந்து வந்தவர்கள் ஊர் திரும்பிய பிறகுதான், யார் யார் என்னென்ன செய்தீர்கள் என்பது எங்களுக்கு ஒவ்வொன்றாக உறைக்கிறது. அன்று சரியாக முகம் பார்த்துக்கூடப் பேச முடியவில்லை. அதனால் இந்த மடல்.

டயாலிசிஸ் பிரிவில் அப்பாவைப் பார்த்துக்கொண்ட செவிலியர்களுக்கும் டெக்னீஷியன்களுக்கும் முதல் வணக்கம். வாரம் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நாலு மணி நேரம். அந்த நேரம் முழுக்க கோபோல் (COBOL) என்ற பழைய கணினி மொழியில் நிரல் எழுதிய கதைகளை அவர் சொல்லச் சொல்ல முகம் சுளிக்காமல் கேட்டீர்கள். விடியற்காலையில் ஹாரன்கூட அடிக்காமல் வாசலில் வந்து நின்ற ஆட்டோக்கார அண்ணனுக்கும், ரத்தம் கொடுத்த தெருப் பிள்ளைகளுக்கும் நாங்கள் கடன்பட்டவர்கள்.

வங்கியின் கணினிப் பிரிவில் அப்பாவோடு வேலை பார்த்த அங்கிள்களும் ஆன்ட்டிகளும் துக்கம் கேட்க வந்தபோது 1999ஆம் வருடத்தைப் பற்றியே பேசினீர்கள். அப்போதைய நிரல்களில் வருடத்துக்கு இரண்டே இலக்கம். 98இல் போட்டு 2001இல் (நிரலுக்கு அது வெறும் 01) முதிரும் டெபாசிட்டுக்குக் காலத்தைக் கணக்கிட்டால் மைனஸ் 97 வருடம் என்று வரும். அப்படிப்பட்ட வரிகளைத் தேடித் தேடித் திருத்தி, ஒவ்வொன்றின் மேலும் ஏன் திருத்தினோம் என்று அப்பா குறிப்பு எழுதிவைப்பாராம். “அடுத்து வர்றவன் முழிக்கக் கூடாது” என்பாராம். வீட்டிலும் இதையே சொல்வார். அலுவலகத்திலும் சொன்னார் என்பது நீங்கள் சொல்லித்தான் தெரிந்தது.

தம்பி குறைமாதத்தில் பிறந்தவன், பார்வை இல்லை என்பது உங்களில் பலருக்குத் தெரியும். அவன் பள்ளிக்குப் போகும் முன்பே, விரலால் தடவிப் படிக்கும் புள்ளி எழுத்தான பிரெயிலை அப்பா கற்றுக்கொண்டார். “ஆறு புள்ளி, ஆறு பிட், மொத்தம் 64. நான் தினமும் பார்க்கிற கணக்குதானே” என்று அம்மாவுக்கும் எனக்கும் சொல்லிக்கொடுத்தார். பிரெயில் எழுதும் சட்டத்தில் காகிதத்தைச் செருகி, வலமிருந்து இடமாகக் குத்தி எழுதப் பழகியது எங்கள் வீட்டு இரவுகளில் ஒரு பெரிய வேலை.

பிறகு கணினி வாசித்துக்காட்டும் காலம் வந்தது. திரையில் இருப்பதை வாசித்துக்காட்டும், இலவசமாகக் கிடைத்த என்விடிஏ (NVDA) மென்பொருள் தமிழ் பேசியபோது அப்பா குழந்தை மாதிரி குதித்தார். ஆனால் அச்சகங்களிலிருந்து வாங்கி வந்த பாடக் கோப்புகளில் பல பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் இருந்தன. திரையில் ‘அப்பா’ என்று தெரியும். உள்ளே இருப்பதோ ஆங்கில எழுத்துகள். அதனால் தம்பியின் காதில் “எம், ஜி, செமிகோலன், ஜி, எச்” என்றுதான் விழும். அதை, தமிழ் எழுத்துகளைத் தமிழாகவே சேமிக்கும் பொதுக் குறியீடான யூனிகோடாக மாற்ற அப்பாவே ஒரு நிரல் எழுதினார். பாமினியில் கொம்பு முன்னால் வரும், யூனிகோடில் மெய்க்குப் பின்னால் போக வேண்டும். ‘கொ’, ‘கோ’ வந்தால் இருபுறமும் இருப்பதை ஒன்றாகச் சேர்க்க வேண்டும். ஆபீஸ் விட்டு வந்து, சாப்பிட்டுவிட்டு, இதில் உட்காருவார்.

அந்தக் கோப்புகளைத் தந்த அச்சக நண்பர்களே, கிடைக்காத புத்தகங்களைப் பக்கம் பக்கமாகத் தட்டச்சு செய்த கல்லூரிப் பிள்ளைகளே, தேர்வுகளில் தம்பி சொல்லச் சொல்ல எழுதிய அக்காமார்களே, உங்கள் பெயர்களை எல்லாம் அப்பா ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறார். தம்பி இன்று கைநிறையச் சம்பாதிக்கிறான். அதில் உங்கள் பங்கு அப்பாவின் பங்குக்குக் குறைந்ததில்லை.

அப்பா இறந்த அன்று இரவு எங்களுக்குக் கை கால் ஓடவில்லை. மின்விசிறியை நிறுத்தி, இமைகளை மூடி, ஈரப்பஞ்சு வைத்து, தலையணையால் தலையை உயர்த்தி, கண் வங்கிக்குத் தகவல் சொன்னது பக்கத்து வீட்டு அத்தைதான். கண்தானத்துக்கு ஆறு மணி நேரத்துக்குள் எடுத்தாக வேண்டும். அத்தை இல்லையென்றால் அப்பாவின் ஆசை நிறைவேறியிருக்காது. தம்பிக்கு இருப்பது விழித்திரைக் கோளாறு, தானமாகக் கிடைக்கும் கருவிழியால் அவனுக்குப் பார்வை வராது என்று அப்பாவுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தேதான் எழுதிக்கொடுத்திருந்தார். வந்த மருத்துவக் குழுவினர் அவரைத் தொடுமுன் கைகூப்பி நின்றதை அம்மா இன்னமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

சாவு வீட்டுக்கு மூன்று வேளையும் சமைத்து அனுப்பிய மாடிவீட்டுச் சித்தி, சுடுகாடு வரை எல்லாவற்றையும் முன்னின்று செய்த பெரியப்பா மகன்கள், எங்களோடு தரையில் படுத்துக்கிடந்த தோழிகள் எல்லோருக்கும் எங்கள் நன்றி.

அப்பா யூனிகோடாக்கிய புத்தகங்களும் அந்த நிரலும் தம்பியிடம் இருக்கின்றன. பார்வையற்ற பிள்ளை படிக்கும் வீடு எதுவானாலும் அவனைக் கேளுங்கள், அனுப்பிவைப்பான். குறிப்புகள் எல்லாம் அப்பா கையாலேயே எழுதியவை.

நன்றியுடன்,
அம்மா, தம்பி, நான்