விற்றவர்களையும் சொல்லுங்கள்

ஆசிரியருக்கு,

அடிமைகளாகக் கடல் கடத்தப்பட்டோரின் வழித்தோன்றல்களுக்கு மேற்கு ஆப்பிரிக்காவின் பெனின் நாடு குடியுரிமை வழங்குவது பற்றித் தங்கள் நாளிதழில் வந்த செய்தியைப் படித்தேன். 'ஐரோப்பியர் பிடித்துச் சென்றனர்' என்று ஒரே வரியில் வரலாற்றை முடித்துவிட்டீர்கள். பிடித்தவர்கள் பெரும்பாலும் அவர்கள் அல்லர். இன்றைய பெனினில் இருந்த தகோமி அரசு 1727இல் உய்தா துறைமுகத்தைக் கைப்பற்றியது. அதன் மன்னர்கள் போரில் சிறைப்பட்டவர்களைத் துப்பாக்கிக்கும் வெடிமருந்துக்கும் துணிக்கும், அங்கே காசாகப் புழங்கிய சோழிக்கும் விற்றார்கள். (அந்தச் சோழியில் பெரும்பகுதி நமக்கு அருகிலுள்ள மாலத்தீவிலிருந்து போனது என்பது தனிக்கதை.) வாங்கியவர்களின் குற்றம் இதனால் குறைந்துவிடாது, அவர்கள் கப்பல் கப்பலாகக் கேட்டதால்தான் அந்தச் சந்தை அவ்வளவு பெருகியது. ஆனால் விற்றவர்களை விட்டுவிட்டால், 1999இல் அன்றைய பெனின் அதிபர் கெரெகூ அமெரிக்காவின் பால்டிமோருக்குப் போய் ஏன் மன்னிப்புக் கேட்டார் என்பதே வாசகருக்குப் புரியாது.

எண்பதுகளில் நைஜீரியாவில் ஆசிரியராக இருந்தபோது படாக்ரி என்ற கடற்கரை ஊருக்குப் போயிருக்கிறேன். விற்பனைக்கான கைதிகளை ஒரு வீட்டில் அடைத்துவைத்த சிற்றறைகளைக் காட்டிய உள்ளூர் முதியவர், அந்த வீட்டுக்காரரும் ஆப்பிரிக்கரே என்று தயங்காமல் சொன்னார். அவர்களே மறைக்காததை நாம் ஏன் மறைக்க வேண்டும்? தகோமி மன்னர்களைப் பற்றியும், தம் மக்கள் கடத்தப்படுவதை எதிர்த்து 1526இல் போர்ச்சுகல் மன்னருக்குக் கடிதம் எழுதிய காங்கோ மன்னர் முதலாம் அஃபோன்சோ பற்றியும் ஞாயிறு இணைப்பில் ஒரு விரிவான கட்டுரை வெளியிடலாம்.

– ஓய்வுபெற்ற ஆசிரியர், கும்பகோணம்