ஆண்டறிக்கை: வளையும் ஒலிவில்லை வார்ப்புப் பணி

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். இவ்வாண்டு நம் உழைப்பில் பெரும்பங்கு ஒரே வேலைக்குப் போனது: எஃகுக் குழாய்ச் சுவரில் குறை தேடும் அல்ட்ராசோனிக் புரோபுக்கு (கேளா ஒலியை அனுப்பி எதிரொலியைப் பெறும் கருவிமுனை) சிலிக்கான் ரப்பரில் குவிவில்லை வார்ப்பது.

ரப்பரில் ஒலியின் வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 1,000 மீட்டர், நீரில் 1,480. ரப்பரில் ஒலி மெதுவாகச் செல்வதால் குவிந்த முகமே ஒலிக்கற்றையைக் குவிக்கும். அக்ரிலிக் வில்லையில் இது நேர்மாறு, அங்கே முகம் குழிய வேண்டும். வில்லை முகத்தின் வளைவு ஆரம் 25 மி.மீ. எனில் நீரில் குவியத் தூரம் சுமார் 52 மி.மீ. நீர்ப்பாதை, அதாவது வில்லைக்கும் குழாய்க்கும் இடையிலுள்ள நீரின் நீளம், 20 மி.மீ. எனில் மீதமுள்ள 32 மி.மீ., எஃகில் ஒலி ஏறத்தாழ நான்கு மடங்கு வேகமாகச் செல்வதால் நான்கில் ஒரு பங்காகி 8 மி.மீ. ஆழத்தில் குவியும்.

ரப்பர், கடினப்படுத்தி இரண்டையும் எடைக்கணக்கில் 10:1 கலந்து, வெற்றிடப் பானையில் குமிழி அடங்கும்வரை வைத்து, அச்சில் ஊற்றி, 65 டிகிரியில் 4 மணி நேரம் வைக்கிறோம். லேடெக்ஸ் கையுறை தொட்ட இடம் இறுகாமல் பிசுபிசுக்கும். அதிலுள்ள கந்தகமே காரணம். நைட்ரைல் கையுறை மட்டுமே அணிய வேண்டும். வில்லையைப் புரோபில் பொருத்தக் கிளிசரின் தடவி, ஓர் ஓரத்திலிருந்து உருட்டியபடி அழுத்துங்கள். சிலிக்கான் எண்ணெய் வேண்டாம்: ரப்பர் அதை உறிஞ்சி உப்பினால் ஆரம் மாறிவிடும். அதிர்வெண் கூடக் கூட ரப்பர் ஒலியை அதிகம் விழுங்கும். நடுவில் தடிமன் மிகுதி என்பதால் இழப்பும் அங்கேதான் மிகுதி. ஆகவே அதிர்வெண் குறைந்த 2.25 மெகாஹெர்ட்ஸ் புரோபையே பரிந்துரைக்கிறோம்.

வெயில் காலத்தைத் தனியே சொல்ல வேண்டும். 20 டிகிரியில் 1,482 ஆக இருக்கும் நீரின் ஒலிவேகம் 35 டிகிரியில் 1,520 ஆகிறது, ரப்பரிலோ குறைகிறது. இரண்டும் சேர்ந்து குவியத்தை அருகே இழுக்கும். காலையில் சரிசெய்த கருவியை மதியமும் அப்படியே நம்பக் கூடாது. குழாயின் வளைவும் கற்றையைக் குறுக்குவாக்கில் விரிக்கும் என்பதால், அதே விட்டமுள்ள குழாய்த் துண்டில் பக்கவாட்டுத் துளையிட்டு, வேலையிடத்து வெப்பநிலையிலேயே குவியும் ஆழத்தை அளவிட வேண்டும்.

நீர்த் தொட்டிக்கு வெப்பமானி ஒன்றும், பெரிய வெற்றிடப் பானை ஒன்றும் வாங்கப் பொதுக்குழுவின் ஒப்புதலைக் கோருகிறேன்.

செயலாளர்