கொக்கின் கால்

சிவமயம்

கோட்டையூர்,
ஆவணி 12

அன்புள்ள மகள் உமையாளுக்கு அம்மா ஆசீர்வதித்து எழுதிக்கொண்டது. இவ்விடம் நான் நலம். அவ்விடம் உன் நலமும் மாப்பிள்ளை, பேரன் சொக்கு ஆகியோர் நலமும் அறிய ஆவலாக இருக்கிறேன்.

ஆடிப்பெருக்குக்கு மறுநாள் நீ அனுப்பிய செய்திக்குப் பிறகு உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை. வராது என்பதுதானே ஏற்பாடு. குறை சொல்வதற்காக எழுதவில்லை. போனைக் குறைத்துக்கொள்கிறேன், வாட்ஸ்அப்பை எடுத்துவிடுகிறேன், அவசரமென்றால் கூப்பிடு என்று நீயே தெளிவாக எழுதியிருந்தாய். நல்ல முடிவு. ஆனாலும் பழக்கதோஷத்தால் தினமும் காப்பி குடித்தவுடன் உனக்குக் காலை வணக்கம் அனுப்பிவிட்டு, அதன் கீழே ஒற்றை டிக் மட்டும் நிற்பதைச் சாயங்காலம் வரை எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இரண்டு முறை உன் எண்ணை அழுத்தி, மணி அடிப்பதற்குள் வைத்தும்விட்டேன். வரைந்துகொண்டிருப்பாய், நடுவில் கூப்பிட்டால் கை நின்றுவிடும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

உன்னைப் பெற்ற அப்பச்சி வாங்கி வைத்த கோடு போட்ட தாள் இன்னும் ஒரு கட்டு மிச்சம் இருக்கிறது. மூன்று வருடக் கணக்குக்குப் பர்மாவுக்குப் போன உன் பாட்டையா எழுதும் கடிதங்களில் பாதி வட்டிக் கணக்கும், மீதி கிணற்றைத் தூர்வாரியாயிற்றா என்ற விசாரணையும்தான் இருக்குமாம்; பெண்டாட்டி பிள்ளையின் பெயர் கடைசி வரியில்தான் வரும் என்று அப்பத்தா சொல்வார்களே, அந்த வீட்டுக்கு வாழ வந்த தோஷம் எனக்கும் இருக்கிறது.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். இரவில் போனைப் படுக்கும் அறைக்குள் கொண்டுபோகாதே. எழுப்புவதற்கு வேண்டும் என்பாய். கடையில் அலாரக் கடிகாரம் கிடைக்கிறது. படுத்துக்கொண்டு பார்த்தால் தூக்கமும் கெடும், விடிந்தவுடன் கை அதைத்தான் தேடும்.

தையில் நாட்டரசன்கோட்டைச் செவ்வாய்ப் பொங்கலுக்கு வந்திருந்தபோது நீ சொன்னது நினைவிருக்கிறதா? நீ படம் போடும் கதையில் வரும் கொக்குக்குக் கால் சரியாக அமையவில்லை, ஒரு படம் பார்த்துக்கொள்ளலாம் என்று போனைத் திறந்தாயாம். ஒன்றரை மணி நேரம் கழித்து நிமிர்ந்தபோது யாரோ ஒருவர் வீட்டுச் சமையலறை அலமாரியையும், உன்னோடு படித்தவளுக்குக் கிடைத்த பரிசையும், ஒரு பூனையையும் பார்த்து முடித்திருந்தாய், கொக்கை மட்டும் பார்க்கவில்லை. நீ சிரித்துக்கொண்டுதான் சொன்னாய். சொக்கு உன் மடியில் தலை வைத்துப் படுத்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான்.

உன் சங்கடம் எனக்குப் புரியாமலில்லை. மற்றவர்களுக்குப் போனை ஓரமாக வைத்தால் தீர்ந்தது. உனக்கு வரைவதே அந்தக் கண்ணாடிப் பலகையில்தான். கதை எழுதுபவர் திருத்தம் சொல்வதும், பதிப்பகத்தார் அவசரப்படுத்துவதும், கூலி வந்து சேர்வதும் அதன் வழியேதான். வாரச்சந்தை நடுவில் பாயை விரித்து உட்கார்ந்து படம் போடு என்றால் யார்தான் போட முடியும்? ஆகவே பலகை வேறு, சந்தை வேறு என்று பிரித்துவிடு. வரையும்போது அதில் இணையத்தை அணைத்து வை. பார்க்க வேண்டியவற்றைத் தாளில் குறித்துக்கொண்டு, நாளில் ஒரு நேரம் உட்கார்ந்து மொத்தமாகப் பார்த்து எழுந்துவிடு. பழைய படங்கள் வேண்டுமென்றால் நம்மூர்ச் சொத்தே தரமணியில் இருக்கிறது. விளம்பரப் பலகை எழுதும் ஓவியராக இருந்த ரோஜா முத்தையா செட்டியார் இங்கே சேர்த்து வைத்த புத்தகங்களெல்லாம் அவர் காலத்துக்குப் பிறகு 1994-இல் சென்னைக்கு நூலகமாகப் போனதே என்று உன் அப்பச்சி எத்தனை நாள் ஆற்றாமைப்பட்டிருப்பார்! நீ இருக்கும் ஊரில் அவை இருக்கின்றன. நீ ஒருநாள் போனதாகத் தெரியவில்லை.

நடுவீட்டுக் கோலம் முதன்முதலில் நீ தனியாகப் போட்டபோது உனக்கு ஒன்பது வயது. பச்சரிசி மாவில் நனைத்த துணியை உள்ளங்கையில் அடக்கி, மோதிர விரல் வழியே மாவு இறங்க இறங்க இழுத்துக்கொண்டே போனாய். நடுவில் தயங்கினால் அந்த இடத்தில் சொட்டித் திட்டாகிவிடும், அவசரப்பட்டு இழுத்தால் கோடு வெளுத்து அறுந்துபோகும். வாசலில் ஐஸ்காரன் மணி அடித்தான், உன் தம்பி நாலு முறை கூப்பிட்டான், நீ தலையைத் தூக்கவில்லை. அப்பத்தா என்னைத் தூணுக்குப் பின்னால் இழுத்து, "யாரும் கூப்பிட வேண்டாம், பிள்ளை முடிக்கட்டும்" என்றார்கள். அந்தக் கை எங்கும் போய்விடவில்லை. உன் முதல் புத்தகத்தை ஊரில் எந்த வீட்டுக் கல்யாணத்துக்குப் போனாலும் மொய்க் கவரோடு சேர்த்துக் கொடுத்தவள் நான். அந்தக் கர்வம் எனக்கு இன்றும் உண்டு. ஆனால் கடைசியாக வந்த இரண்டு புத்தகங்களிலும் கொக்கும் குருவியும் எங்கோ ஏற்கெனவே பார்த்த படம் போல இருக்கின்றன. அம்மா சொல்கிறாளே என்று கோபித்துக்கொள்ளாதே, வேறு யாரும் உன்னிடம் சொல்ல மாட்டார்கள்.

போனை அறைக்கு வெளியே வைத்துவிட்டுத் தூங்கு. காலையில் பல் விளக்கியதும் முதலில் வரை, அப்புறம்தான் சந்தை.

சொக்குக்கு ஏழு வயது. குழந்தைகள் நல மருத்துவர்களின் இந்தியச் சங்கம் வகுத்திருக்கும் அளவை நீதான் எனக்கு அனுப்பினாய்: இரண்டு வயதுக்குள் திரையே கூடாது, இரண்டிலிருந்து ஐந்து வரை அதிகபட்சம் ஒரு மணி நேரம், ஐந்திலிருந்து பத்து வரை இரண்டு மணி நேரத்துக்கும் குறைவு. அதிலேயே, இரண்டு வயது நிரம்பாத பிள்ளைகூட உறவினரோடு எப்போதாவது வீடியோவில் பேசலாம் என்று விலக்குக் கொடுத்திருக்கிறார்கள் என்பதையும் நான் படித்தேன். நீ அந்த வரியைப் படித்தாயா என்று தெரியவில்லை. போகட்டும்.

உன் செய்தியில் வேறொரு வரி இருந்தது. "அவன் போனுக்கு இப்படி அழுவதற்கு நான்தான் காரணம், என்னைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டான்" என்று எழுதியிருந்தாய். மூன்று வாரமாக நான் எடுத்து எடுத்துப் பார்ப்பது ஒற்றை டிக்கை மட்டும் என்று மேலே எழுதியது பொய். இந்த வரியைத்தான் பார்க்கிறேன். ஆத்தா, அது முழு உண்மை இல்லை.

கோடை விடுமுறையில் அவன் இங்கே இருந்தபோது, ஒருநாள் சாயங்காலம் நாலு மணியிருக்கும். முகப்பில் தூணில் சாய்ந்துகொண்டு, எந்த ஊர்ப் பெண்ணோ வெள்ளைப் பணியாரம் சுடுவதைப் போனில் பார்த்துக்கொண்டிருந்தேன். பச்சரிசியை உழக்கில் தலைதட்டி அளந்து அதன்மேல் உளுந்தைக் கோபுரமாக வைக்க வேண்டும் என்பது இங்கே பத்து வயதுப் பிள்ளைக்கும் தெரியும். அவள் இரண்டையும் சரிசமமாகப் போட்டாள். தவறு என்று தெரிந்தும் கண்ணை எடுக்க முடியவில்லை. தவறாகச் செய்கிறாள் என்பதாலேயே எடுக்க முடியவில்லை. அது முடிந்தால் அதன் வாலைப் பிடித்துக்கொண்டு இன்னொன்று. பத்திரிகையில் தொடர்கதை படித்த காலத்தில் 'தொடரும்' என்று போட்டுவிட்டால் அடுத்த வாரம் வரை மூடி வைத்துத்தானே ஆக வேண்டும். இதில் அந்தச் சொல்லே கிடையாது. சொக்கு வந்து, "ஆயா, ஊருணிக்குப் போவோமா, கொக்கு வந்திருக்கும்" என்றான். "இரு" என்றேன். மறுபடியும் கேட்டான். "இதோ முடியப்போகிறது" என்றேன். மூன்றாம் முறை கேட்டானா, நான் என்ன சொன்னேன் என்பது எனக்கு நினைவில்லை.

நான் நிமிர்ந்தது பால் ஊற்றும் அம்மாளின் குரலுக்குத்தான். "ஆச்சி, பேரப்பிள்ள ஊருணிப் படியில தனியா நின்னுச்சு, கூட்டியாந்தேன்" என்றாள். அவனுக்கு முழங்கால் வரை சேறு, கையில் பள்ளிக்கூட நோட்டு. கோடையில் தண்ணீர் இறங்கியபின் அந்தக் கீழ்ப்படிகளில் பாசி எப்படிக் கிடக்கும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கடிகாரத்தைப் பார்த்தேன், முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. முக்கால் மணி நேரமாகப் பிள்ளை எங்கே என்று எனக்குத் தெரியாது, தெரியாது என்பதும் தெரியாது. அழுதவள் நான்தான், அவன் அழவில்லை. "அம்மாவுக்குக் கொக்குக் கால் வரைஞ்சேன் ஆயா" என்று நோட்டைத் திறந்து காட்டினான்.

அதை அன்றே உன்னிடம் சொல்லியிருந்தால் நீ இரண்டு நாள் திட்டியிருப்பாய், அதோடு போயிருக்கும். நான் செய்தது வேறு. அம்மாவிடம் சொல்லாதே என்று பிள்ளையிடம் சத்தியம் வாங்கினேன். சொல்லாமல் இருப்பதற்காக அன்று இரவு அவன் கேட்ட விளையாட்டைப் போனில் போட்டுக் கொடுத்தேன். மறுநாள் அவன் கேட்காமலேயே கொடுத்தேன். அதற்கப்புறம் நீ வந்து கூட்டிப்போகும் வரை, காலையிலும் மாலையிலும் அது அவன் கையில்தான் இருந்தது. ஊருணிப் பக்கம் போகாமல் கண்முன்னே உட்கார்ந்திருந்தால் போதும் என்று எனக்கு இருந்தது. ஆனியில் போனை வாங்கி வைத்ததற்கு அவன் தரையில் விழுந்து புரண்டான் என்று நீ அழுதுகொண்டு சொன்னபோது, பட்டணத்துப் பிள்ளைகள் அப்படித்தான், நீ கொஞ்சம் அவனோடு உட்கார் என்று நான் உனக்குப் புத்தி சொன்னேன். என்னிடமிருந்து வந்த பழக்கத்தை உன் தலையில் ஏற்றிவிட்டு, அதற்கு ஆறுதலும் நானே சொன்னேன்.

அவன் உன்னிடம் சொல்லிவிட்டானா? அதனால்தான் நீ பேசவில்லையா? இதைக் கேட்கத்தான் முதல் தாளிலிருந்து சுற்றிச் சுற்றி வருகிறேன். சொல்லிவிட்டான் என்றால் நிம்மதி, உன் கோபம் நியாயம். சொல்லவில்லை என்றால், ஆயாவுக்குக் கொடுத்த சத்தியத்தை மூன்று மாதமாக அந்தப் பிள்ளை சுமந்துகொண்டிருக்கிறான். "ஆயாவே எழுதிவிட்டார்கள்" என்று அவனிடம் இன்றே சொல்லிவிடு.

போன வாரம் உன் அத்தை மகன் வந்திருந்தான். போனில் எங்கேயோ தட்டி, நான் ஒருநாளில் 4 மணி 50 நிமிடம் அதைப் பார்த்திருக்கிறேன் என்று காட்டினான். இயந்திரம் பொய் சொல்கிறது என்று அவனோடு வாதாடினேன். கொரோனாக் காலத்தில் பேரன் முகம் பார்க்க நீ வாங்கி அனுப்பிய போன் அது; பேரன் முகம் பார்த்தது அந்த 4 மணி 50 நிமிடத்தில் ஒரு நிமிடம்கூட இல்லை. அப்பச்சியின் பழைய டி.வி. மரக்கதவோடும் பூட்டோடும் பட்டாலைக் கூடத்தில்தான் இன்னும் நிற்கிறது. பரீட்சை மாதத்தில் அதைப் பூட்டிச் சாவியை அவர் அரைஞாணில் முடிந்துகொள்வார், நீயும் தம்பியும் முணுமுணுப்பீர்கள். நீங்கள் தூங்கிய பிறகு நாங்கள் கதவைத் திறந்து சத்தத்தைக் குறைத்துப் பார்ப்போம் என்பதையும் இப்போது சொல்லிவிடுகிறேன், எழுத உட்கார்ந்தாயிற்று. அந்தப் பெட்டிக்குள்தான் ஏழு மணிக்கு மேல் என் போனை வைத்துப் பூட்டுகிறேன். நேற்று முன்தினம் ஒன்பது மணிக்கு எழுந்து போய்த் திறந்தேன். நேற்றுத் திறக்கவில்லை. கொட்டான் கூடை பின்ன ஓலை வாங்கி வைத்திருக்கிறேன், விரல்தான் சொன்னபடி கேட்க மாட்டேன் என்கிறது.

சொக்கு வரைந்த தாளை உன் கண்ணில் படாமல் நோட்டிலிருந்து எடுத்து, அப்பச்சியின் பேரேட்டுக்குள் மறைத்து வைத்திருந்தேன். இத்துடன் வைத்திருக்கிறேன். ஓரத்தில் இருப்பது ஊருணிச் சேறு. காலைக் குச்சியாகப் போடவில்லை பார். நடுவில் ஒரு முடிச்சு வைத்து, அந்த இடத்தில் பின்பக்கமாக மடக்கியிருக்கிறான். ஒரு கால்தான் இருக்கிறது. இன்னொன்று எங்கே என்று கேட்டதற்கு, "அதத் தூக்கி உள்ள வச்சிருந்துச்சு ஆயா" என்றான்.

மாவுருண்டையும் சீப்புச் சீடையும் தனியே கூரியரில் அனுப்புகிறேன். மாப்பிள்ளைக்கு இந்தக் கடிதத்தைக் காட்டுவதும் காட்டாததும் உன் விருப்பம்.

லேண்ட்லைனை ஆளை வைத்துச் சரி செய்துவிட்டேன். எண் பழைய எண்தான், உனக்கு மனப்பாடம். ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு மேல் வீட்டில்தான் இருப்பேன். அடுப்படியிலிருந்து பட்டாலைக்கு வர எனக்கு முன்பைவிட நேரம் பிடிக்கிறது, அதனால் அடித்துக்கொண்டே இருக்கட்டும், வைத்துவிடாதே.

அன்புடன்,
அம்மா