தம்பியின் இடுப்பும் உன் பொடியும்

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தியின் காதுகுத்துக்கு வர முடியாமல் போனதற்குக் காரணம் தம்பி ரவிதான். இடது இடுப்பு மூட்டை மாற்றிக்கொண்டு வீட்டில் வாக்கரோடு நடமாடுகிறான்.

தொடை எலும்பின் உச்சியில் இருக்கிற உருண்டைக்கு ரத்தம் போகாமல் எலும்பு செத்துவிட்டதாம். ஏவிஎன் என்கிறார்கள். 2021-இல் கொரோனா வந்து ஆக்சிஜனில் கிடந்தானே, அப்போது ஏற்றிய ஸ்டீராய்டின் பின்விளைவாம். மும்பையில் அதே ஆண்டு நாற்பதைத் தொடாத மூன்று பேருக்கு இப்படி ஆனதை அங்குள்ள மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். அதற்காக ஸ்டீராய்டைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. அது இல்லாவிட்டால் ஆளே இல்லை.

என் ஆத்திரம் வேறு. வலி முதலில் கவட்டியில் வந்தது, அப்புறம் முழங்காலுக்கு இறங்கியது. முழங்காலுக்குத் தைலம், முதுகுக்கு மாத்திரை என்று மாதக்கணக்கில் ஓட்டினார்கள். எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்றார்கள். ஆரம்பத்தில் அதில் தெரியாதாம், எம்ஆர்ஐயில்தான் தெரியுமாம். சப்பணம் போட முடியாமல், பேண்ட் மாட்டக் காலைத் தூக்க முடியாமல் ஆன பிறகுதான் எம்ஆர்ஐ எடுத்தார்கள். அதற்குள் இடது உருண்டை அமுங்கிவிட்டது. வலதிலும் தொடங்கியிருக்கிறது, ஆனால் உருக்குலையவில்லை. அதனால் எலும்பில் துளை போட்டு உள்ளழுத்தத்தைக் குறைத்திருக்கிறார்கள். பலன் தெரிய நாளாகும்.

மாற்றிய மூட்டுகளில் பாதிக்கு மேல் 25 ஆண்டு தாங்குகின்றன என்று சொன்னேன். "அதுவரை நான் தாங்கணுமே" என்கிறான். குசும்பு குறையவில்லை.

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன். மூச்சிரைப்புக்கு யாரோ தரும் பொடி உடனே கேட்டது, பசி நன்றாக எடுக்கிறது, முகம்கூடப் பூரித்துவிட்டது என்று பெருமையாக எழுதியிருந்தாய். படித்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. பெயரும் சேர்மானமும் எழுதாத பொட்டலத்தில் ஸ்டீராய்டு மாத்திரையைப் பொடித்துக் கலப்பது நம் பக்கம் புதிதல்ல. அகோரப் பசியும் முகம் உப்புவதும் அதன் அடையாளங்கள்.

ஆனால் பயந்துபோய் இன்றே குப்பையில் கொட்டிவிடாதே. ஸ்டீராய்டு வாரக்கணக்கில் உள்ளே போனால், உடம்பு தானாகச் சுரக்கிற ஸ்டீராய்டைக் குறைத்துக்கொள்ளும். சட்டென்று நிறுத்தினால் ரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்தாகலாம். பொட்டலத்தோடு நல்ல டாக்டரிடம் போ. குறைக்க வேண்டிய விதத்தில் அவர் குறைப்பார். இன்ஹேலர் என்றால் முகம் சுளிப்பாய், தெரியும். தினமும் இழுக்கச் சொல்கிற இன்ஹேலரிலும் பெரும்பாலும் ஸ்டீராய்டு இருக்கும், ஆனால் அளவு சொற்பம், நேரே நுரையீரலுக்குப் போகிறது. கவட்டியில் வலி இருந்தால் மறைக்காமல் சொல். ராத்திரி குவார்ட்டரையும் சொல்லிவிடு. அதிகமாகக் குடித்தால் அதுவும் இதே எலும்பைத்தான் தின்னும்.

ரவி உன்னை விசாரித்தான். கொஞ்ச நாளைக்குத் தரையில் உட்காரக் கூடாது என்பதால் நம் சீட்டுக் கச்சேரி இனி மேசையில்தான். டாக்டரைப் பார்த்ததும் போன் செய்.

அன்புடன்,
கணேசன்