சர்வதேசப் பாடத்திட்டம்: பெற்றோருக்கு எழுத்தில் விளக்கம் தேவை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் நகரிலுள்ள தனியார் மெட்ரிக் பள்ளியொன்று வரும் கல்வியாண்டு முதல் கேம்பிரிட்ஜ் பாடத்திட்டத்துக்கு மாறவிருப்பதாகத் தங்கள் நாளிதழில் வெளியான செய்தியைப் படித்தேன். அப்பாடத்திட்டத்தின் தரத்தில் எனக்கு ஐயமில்லை. அதன் பத்தாம் வகுப்பு நிலைத் தேர்வான ஐஜிசிஎஸ்இ-யின் அறிவியல் வினாத்தாளில் ஒரு சோதனையின் அளவீடுகளைத் தந்து, வரைபடம் வரையச் சொல்லி, அச்சோதனையில் பிழை எங்கே நேர்ந்திருக்கக்கூடும் என்று கேட்கிறார்கள். பாட நூலின் பின்பக்க வினாவிடைகளை ஒப்பித்துப் பழகிய மாணவர் அங்கே திணறித்தான் போவார். என் கவலையெல்லாம் சேர்க்கையின்போது பெற்றோரிடம் எவையெவை சொல்லாமல் விடப்படுகின்றன என்பதுதான்.

கேம்பிரிட்ஜ் பாடத்திட்டம் தொடக்க நிலை, கீழ் இடைநிலை, ஐஜிசிஎஸ்இ, மேல்நிலைக்கான ஏ லெவல் எனப் பல படிகளைக் கொண்டது. தொடக்க நிலையை மட்டும் நடத்தும் பள்ளியும் ‘சர்வதேசப் பள்ளி’ என்று பெயர்ப்பலகை வைத்துக்கொள்ள முடிகிறது. மற்றொரு சர்வதேசப் பாடத்திட்டமான ஐபி-யிலோ (இன்டர்நேஷனல் பாக்கலரேட்) விண்ணப்ப நிலையிலுள்ள பள்ளி வேறு, அங்கீகாரம் பெற்ற பள்ளி வேறு. விண்ணப்பித்த பள்ளிக்கெல்லாம் அங்கீகாரம் கிடைத்தே தீரும் என்ற உறுதி கிடையாது. துண்டுப் பிரசுரங்களில் இந்த வேறுபாடு கண்ணில் படுவதே இல்லை.

அறிவியல் பாடங்களில் ஆய்வகச் செய்முறைத் தேர்வுக்குப் பதிலாக, ‘செய்முறைக்கு மாற்று’ எனும் எழுத்துத் தேர்வைத் தேர்ந்துகொள்ள ஐஜிசிஎஸ்இ இடம் தருகிறது. ஆய்வகத்தைக் காட்டிக் கட்டணம் வாங்கும் பள்ளி, இவ்விரண்டில் எதற்கு மாணவர்களைப் பதிவு செய்கிறது என்று பெற்றோர் கேட்க வேண்டும்.

மேல்நிலையில் சிக்கல் இன்னும் கூர்மையானது. இந்தியப் பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பு ஏ லெவலையும் ஐபி டிப்ளமாவையும் சில நிபந்தனைகளுடன் பன்னிரண்டாம் வகுப்புக்கு இணையாக ஏற்கிறது. ஆயினும், கேம்பிரிட்ஜின் ஜூன் பருவத் தேர்வு முடிவுகள் ஆகஸ்டில்தான் வருகின்றன. நம் பொறியியல் சேர்க்கைக்கான விண்ணப்பங்களோ வழக்கமாக அதற்கு முன்பே முடிந்துவிடுகின்றன. இந்தியாவில் மார்ச் பருவத் தேர்வும் உண்டு. அதன் முடிவுகள் மே மாதத்தில் கிடைத்துவிடும். பள்ளி எந்தப் பருவத்தில் தேர்வெழுத வைக்கப்போகிறது என்பது, உள்ளூர்க் கல்லூரியில் சேர விரும்பும் பிள்ளைக்கு ஓராண்டைக் காக்கவும் கூடும், இழக்கச் செய்யவும் கூடும். வெளிநாடு செல்வோரைப் பற்றி மட்டுமே பேசும் விளக்கக் கூட்டங்களில் இதைச் சொல்லும் ஆளில்லை.

மேற்சொன்ன விவரங்களோடு, தமிழைக் கட்டாயப் பாடமாக்கிய 2006-ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டத்தின்படி தமிழ் எப்படிக் கற்பிக்கப்படும், பாடவாரியான தேர்வுக் கட்டணம் பள்ளிக் கட்டணத்தில் அடங்குமா என்பவற்றையும் சேர்க்கைப் படிவத்திலேயே அச்சிட்டுத் தரும்படி பள்ளிக் கல்வித் துறை ஆணையிட வேண்டும்.

இப்பள்ளியில் ஏற்கெனவே படித்துவரும் மாணவர்களைப் பற்றி அச்செய்தியில் ஒரு வரியும் இல்லை. சமச்சீர் பாடத்திட்டத்தில் எட்டாம் வகுப்பை முடிப்பவரை அப்படியே ஐஜிசிஎஸ்இ வகுப்பில் உட்கார வைப்பது முறையன்று. புதிய பாடத்திட்டம் நீடிக்கும் என்ற உறுதியும் இல்லை; சிபிஎஸ்இ வாரியமே 2010-இல் தொடங்கிய தன் சர்வதேசப் பாடத்திட்டத்தைச் சில ஆண்டுகளில் கைவிட நேர்ந்தது. ஆகவே, இப்போது பயிலும் மாணவர்கள் பத்தாம் வகுப்பு வரை பழைய பாடத்திட்டத்திலேயே தொடரப் பள்ளி நிர்வாகம் எழுத்துப்பூர்வமாக உறுதியளிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியர்,
கோயம்புத்தூர்.