லிக்கின்ஸ் ஆய்வு நிறுவனத்துக்கும் ஆக்லாந்துத் தாய்மார்களுக்கும் நன்றி மடல்

நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லிக்கின்ஸ் ஆய்வு நிறுவனத்தாருக்கும், அந்நகரில் நடந்த ஆய்வில் பங்கேற்ற தாய்மார்களுக்கும் அவர்தம் பிள்ளைகளுக்கும் வணக்கம்.

ஏழாம் மாதத்திலேயே எனக்கு வலி கண்டபோது, குழந்தையின் நுரையீரல் முதிர்வதற்காக ஸ்டீராய்டு ஊசி போட்டார்கள், மறுநாள் இன்னொன்று. அதன்பின் குறைமாதத்தில் பிறந்த என் மகள், மூக்கில் வைத்த ஆக்சிஜன் குழாயை விரைவிலேயே உதறிவிட்டுத் தானாக மூச்சுவிட்டாள். அந்த ஊசி எங்கிருந்து வந்தது என்று தேடிப் படித்த பிறகு, இம்மடலை எழுதாமல் இருக்க முடியவில்லை.

பிரசவ வலியைத் தொடங்கிவைப்பது எது என்று செம்மறியாடுகளில் ஆராய்ந்துகொண்டிருந்த பேராசிரியர் கிரஹாம் லிக்கின்ஸ், ஸ்டீராய்டு பெற்றுக் காலத்துக்கு வெகுமுன் பிறந்த குட்டியொன்று உயிரோடிருப்பதையும், அதன் நுரையீரலில் ஓரளவு காற்று நிறைந்திருப்பதையும் கண்டார். பிழைக்கவே முடியாத பருவத்துக் குட்டி அது. அதைத் தற்செயல் என்று ஒதுக்காமல், குழந்தை மருத்துவர் ராஸ் ஹோவியுடன் சேர்ந்து 1969 இறுதியில் ஆக்லாந்தின் நேஷனல் விமன்ஸ் மருத்துவமனையில், குறைமாதப் பிரசவத்தை எதிர்நோக்கிய தாய்மார்களுக்கு ஸ்டீராய்டு ஊசி போட்டுப் பார்க்கும் ஆய்வைத் தொடங்கினார். முதல் 282 தாய்மார்களின் முடிவுகள் 1972இல் வெளிவந்தன. குழந்தைகளிடையே மூச்சுத்திணறல் நோய், ஸ்டீராய்டு பெறாத பிரிவில் 25.8 விழுக்காடாக இருக்க, பெற்ற பிரிவில் 9 விழுக்காடாகக் குறைந்திருந்தது.

ஆனால் என் நன்றியில் பெரும்பங்கு அந்தத் தாய்மார்களுக்கே உரியது. குழந்தை தங்குமா என்றே தெரியாத வேளையில், தமக்குக் கிடைக்கப்போவது மருந்தா, ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகப் போடும் வேறு ஊசியா என்று அறியாமலேயே அவர்கள் சம்மதித்தார்கள். ஒப்பீட்டுப் பிரிவில் இருந்தவர்களில் சிலர் குழந்தையைப் பறிகொடுத்தார்கள். என் மகள் மூச்சுவிடுவதில் அவர்களுடைய இழப்புக்கும் பங்குண்டு என்பதை நான் மறப்பதற்கில்லை. அன்று பிறந்த பிள்ளைகள் முப்பது வயதிலும், மீண்டும் ஐம்பதை ஒட்டியும் பரிசோதனைக்கு வந்து, இந்த ஊசியால் பிற்காலத்தில் இதய நோய் அபாயம் கூடவில்லை என்று காட்டியிருக்கிறார்கள். மகளின் எதிர்காலத்தை எண்ணி விழித்திருந்த எனக்கு அதைவிடப் பெரிய ஆறுதல் கிடைத்ததில்லை.

இத்தனை தெளிவான முடிவு வந்தும், அமெரிக்காவில் தேசிய அளவிலான பரிந்துரை 1994இல்தான் வந்தது என்பது இன்றும் நெஞ்சை உறுத்துகிறது. வசதி குறைந்த நாடுகளில் இது பயன்தருமா என்ற ஐயம் பின்னர் எழுந்தபோது, இந்தியா, வங்கதேசம், பாகிஸ்தான், கென்யா, நைஜீரியா ஆகிய நாடுகளின் கர்ப்பிணிகள் உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வில் பங்கேற்று, 2020இல் அந்த ஐயத்தைத் தீர்த்துவைத்தார்கள். அவர்களுக்கும் என் நன்றி.

2001இல் தொடங்கிய உங்கள் நிறுவனம் அதே வழியில் நடக்கிறது. பேராசிரியர் ஜேன் ஹார்டிங்கும் டெபோரா ஹாரிசும் உள்ளிட்ட குழுவினர், இரத்தச் சர்க்கரை குறைந்த சிசுவின் கன்னத்து உட்புறத்தில் 40 விழுக்காடு டெக்ஸ்ட்ரோஸ் என்ற சர்க்கரை கலந்த கூழைத் தடவினாலே பலருக்குச் சிகிச்சை பலிக்கும் என்று 2013இல் காட்டினார்கள். தாயையும் சேயையும் பிரிக்காமல் காக்கும் இத்தகைய எளிய மருத்துவத்துக்காக உங்களை வணங்குகிறேன்.

எனக்கு நேரம் தவறாமல் இரண்டாவது ஊசியைப் போட்ட இரவுப் பணிச் செவிலியருக்கும், பச்சிளங்குழந்தைப் பிரிவுப் பணியாளர்கள் அனைவருக்கும் இம்மடலிலேயே என் நன்றியைத் தெரிவித்துக்கொள்கிறேன்.

நன்றியுடன்,
குறைமாதத்தில் பிறந்த மகளின் தாய்