கியர்பாக்ஸை இறக்க விடாதே

காரைக்குடி
ஆனி 25

அன்பு மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. ஆட்டோமேடிக் கார் மூன்றாவது கியரிலேயே மாட்டிக்கொள்கிறது, ஒர்க்‌ஷாப்பில் கியர்பாக்ஸை இறக்கிப் பார்க்க வேண்டும் என்கிறார்கள், என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தாய். இறக்க விடாதே. ஒரு வாரம் பொறு. இதே பாட்டை நான் வைகாசியில் பட்டுவிட்டேன்.

அம்மாவுக்கு மதுரையில் கண் புரை ஆபரேஷன் முடிந்து திரும்பிக்கொண்டிருந்தோம். அக்கினி நட்சத்திரம் முடிய இரண்டு நாள் பாக்கி. மேலூர் தாண்டும் வரை வண்டி நன்றாகத்தான் ஓடியது. திருப்பத்தூர் நெருங்கும்போது ஒரு உதறல். அப்புறம் மூன்றாவது கியரை விட்டு மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. என்ஜின் விளக்கு எரிந்தது. பிள்ளையார்பட்டி விலக்கில் ஒரு புளியமரத்தடியில் நிறுத்தி, முக்கால் மணி நேரம் கழித்து மறுபடி எடுத்தால், ஒன்றுமே நடக்காதது போல ஓடுகிறது. கண்ணில் கட்டுப் போட்ட அம்மாவைப் பின்னால் படுக்க வைத்துக்கொண்டு நான் பட்ட பதற்றம் உனக்குப் புரியும்.

மறுநாள் ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன். வண்டியைச் சூடாக்கிக்கூடப் பார்க்கவில்லை. கியர்பாக்ஸ் ஓவர்ஹால், ஒரு லட்சத்துக்கு மேல் ஆகும் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. வீட்டுக்கு வந்து கியர் ஆயில் குச்சியை உருவி வெள்ளைத் துணியில் துடைத்துப் பார்த்தேன். சிவப்பாக, தெளிவாக இருந்தது. கருகிய வாடையே இல்லை. உள்ளே கிளட்ச் பட்டைகள் எரிந்து தேய்ந்திருந்தால் ஆயில் கறுத்து நாறியிருக்கும். நீயும் முதலில் இதைப் பார். உன் வண்டியில் குச்சி இல்லாவிட்டால் கீழே அடைப்பானைத் திறந்து கொஞ்சம் எடுத்துப் பார்க்கச் சொல்.

செக்காலைப் பக்கம் ஒரு ஆட்டோ எலக்ட்ரீசியன் தம்பி இருக்கிறார். முப்பது வயதுகூட ஆகியிருக்காது. அவர் காரின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனரைப் போட்டதும் இரண்டு கோடு, அதாவது கோளாறு எண்கள், வந்தன: பி0700, யு0101. முதல் கோடு, கியர் கட்டுப்பாட்டில் ஏதோ கோளாறு என்று பொதுவாகச் சொல்வதோடு சரி. அதை வைத்துக்கொண்டு கியர்பாக்ஸை இறக்குவது தலைவலி என்றதும் தலையைத் திறப்பது மாதிரி. இரண்டாவதுதான் விஷயம். என்ஜின் கம்ப்யூட்டர் கூப்பிடுகிறது, கியரைப் பார்த்துக்கொள்ளும் பெட்டி பதில் சொல்லவில்லை. அந்தப் பெட்டிதான் டி.சி.எம்., ட்ரான்ஸ்மிஷன் கன்ட்ரோல் மாட்யூல்.

மூன்றாவது கியரில் ஏன் நிற்கிறது என்று கேட்டேன். வேக சென்சார்கள் சொல்வதைக் கேட்டு, கியர்பாக்ஸுக்குள் இருக்கும் சோலினாய்டுகளுக்கு (கரன்டில் இயங்கும் ஆயில் வால்வுகள்) கரன்ட் விட்டும் நிறுத்தியும் கியரை மாற்றுவது இந்தப் பெட்டி. பெட்டி படுத்துவிட்டால் கரன்ட் அத்தனையும் நின்றுவிடும். அப்போது ஆயில் அழுத்தம் மட்டுமே மிச்சம். அது தானாக ஒரு கியரைப் பிடித்துக்கொள்ளும்படி முன்பே அமைத்திருக்கிறார்கள். பழைய நாலு கியர் ஆட்டோமேடிக் பலவற்றில் அது மூன்றாவது. லிம்ப் மோடு என்கிறார்கள். பெட்டியே போனாலும் ஆள் வீடு வந்து சேரட்டும் என்று யாரோ ஒருவர் யோசித்து வைத்திருக்கிறார், மாப்பிள்ளை. அன்று அம்மாவோடு நான் நடுரோட்டில் நிற்காமல் புளியமரம் வரை வந்தது அந்த ஏற்பாட்டால்தான்.

பதில் வரவில்லை என்றால் பெட்டி செத்துவிட்டது என்று தம்பி உடனே முடிவு கட்டவில்லை. அது எனக்கு ரொம்பப் பிடித்தது. பேட்டரி 12.5 வோல்ட், என்ஜின் ஓடும்போது 14.2. ஃப்யூஸ் சரி. அப்புறம் பெட்டிக்கு வரும் சாக்கெட்டைக் கழற்றி, கரன்ட் வரும் பின்னில் வெறும் மீட்டரை வைக்காமல், இண்டிகேட்டர் பல்பு ஒன்றைக் கோத்துப் பார்த்தார். இழை இழையாக அறுந்த வயரில்கூட மீட்டர் 12 வோல்ட் காட்டும். பல்பைக் கோத்தால்தான் சாயம் வெளுக்கும். பாலிடெக்னிக் லேபில் நம் வாத்தியார் ‘லோடு போட்டுப் பாருங்கடா’ என்று கத்துவாரே, அந்த ஞாபகம் வந்துவிட்டது. பிறகு பேட்டரியைக் கழற்றிவிட்டு, ஸ்கேனர் சொருகும் சாக்கெட்டில் 6ஆம் பின்னுக்கும் 14ஆம் பின்னுக்கும் நடுவே அளந்தார். 60 ஓம், அதுவும் சரி. கம்ப்யூட்டர்கள் பேசிக்கொள்ளும் அந்த ஜோடி வயரின் இரண்டு முனையிலும் 120 ஓம் ரெசிஸ்டர் ஒவ்வொன்று உண்டு. இணையாக இருப்பதால் இரண்டும் சேர்ந்தால் 60. ஒரு பக்கம் அறுந்திருந்தால் 120 காட்டும், இரண்டு வயரும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தால் பூஜ்யத்தை நெருங்கும்.

எர்த் வயர்தான் மாட்டியது. பாடியில் முறுக்கிய இடம் துரு ஏறி, வண்டி ஓடும்போது அரை வோல்ட்டுக்கு மேல் அங்கேயே விழுந்துகொண்டிருந்தது. 0.1க்குள் இருக்க வேண்டும். சுரண்டி, புது முனை வைத்து இறுக்கினார். கூலி 300 ரூபாய். நாலு நாள் நன்றாக ஓடியது. ஐந்தாம் நாள் உச்சி வெயிலில் கண்டனூர் ரோட்டில் மறுபடி அதே உதறல்.

எனக்கு ஆத்திரம் வந்தது, தம்பிக்கு வரவில்லை. “அண்ணே, சூட்டில் மட்டும்தான் வருது. சூடு காட்டிப் பார்த்துடுவோம்” என்றார். என் வண்டியில் பெட்டி பேட்டரிக்குப் பக்கத்தில், என்ஜின் அறைக்குள்ளேயே இருக்கிறது. ஸ்கேனரை அதோடு பேச விட்டுவிட்டு, என் மகளுடைய ஹேர் டிரையரால் மெல்லச் சூடு காட்டினார். ஒன்பது நிமிஷம். ஸ்கேனரில் பேச்சு நின்றது. அந்த நேரத்திலேயே கரன்ட்டையும் எர்த்தையும் அளந்தார், இரண்டும் சரி. டேபிள் ஃபேனைத் திருப்பி வைத்ததும் கொஞ்ச நேரத்தில் பேச்சு திரும்பியது. மூன்று முறை செய்தோம், மூன்று முறையும் அப்படியே. அதற்கு மேல் சந்தேகப்பட ஒன்றுமில்லை. உள்ளே எங்கோ ஈயப் பற்று விட்டிருக்கலாம், திறந்து பற்ற வைப்பவர்களும் உண்டு என்றார். அம்மாவை ஏற்றிப் போகிற வண்டி, புதிதே போடுங்கள் என்று சொல்லிவிட்டேன்.

பழைய வண்டியில் கழற்றிய பெட்டி பாதி விலைக்குக் கிடைக்கும் என்று பலர் சொன்னார்கள். நீ அதில் விழுந்துவிடாதே. பல வண்டிகளில் பெட்டிக்குள் சேசிஸ் நம்பர் பதிந்திருக்கும், வேறு வண்டியில் ஏற்காது. பார்ட் நம்பரைப் பெட்டி மேல் பார்த்துக் கடைசி எழுத்து வரை சரிபார். எனக்கு வந்து சேர 18 நாள் ஆனது. பெட்டி 31,000, ப்ரோக்ராமிங் 4,500. மாட்டுவது அரை மணி வேலை: பேட்டரியைக் கழற்றி, பின்களில் கை படாமல், சாக்கெட் ‘டக்’கென்று பூட்டும் வரை அழுத்த வேண்டும். ப்ரோக்ராம் ஏறும்போது பேட்டரி இறங்கிவிட்டால் புதுப் பெட்டியே வீணாகிவிடும் என்பதால் சார்ஜரை மாட்டியே வைத்திருந்தார்கள்.

முதல் நாள் கியர் முரட்டுத்தனமாக விழும், பயந்துவிடாதே. புதுப் பெட்டிக்கு உன் கியர்பாக்ஸின் பழக்கம் தெரியாது; ஓட ஓடத்தான் கற்றுக்கொள்ளும். நான் விடிகாலையில் திருமயம் ரோட்டில், மெல்ல மிதித்து ஒவ்வொரு கியராக ஏற்றுவதும், நின்று நின்று எடுப்பதுமாகப் போனேன். கானாடுகாத்தான் விலக்கில் இன்னும் உதறியது. திருமயம் கோட்டை கண்ணில் படும்போது கியர் மாறுவதே தெரியவில்லை. கோட்டைக்கு எதிரே வண்டியை நிறுத்தி டீ குடித்துவிட்டு, அம்மாவுக்குப் போன் போட்டேன்.

அம்மாவுக்கு இப்போது பார்வை நன்றாக இருக்கிறது. பேப்பர் படிக்கிறார்கள். உன்னைக் கேட்டதாக எழுதச் சொன்னார்கள்.

உன் பள்ளத்தூர் வீட்டைப் போன வாரம் திறந்து பார்த்தேன். இரண்டாங்கட்டில் வடக்கு ஓரம் ஓடு விலகி, சுவரில் நீர் இறங்கியிருக்கிறது. நடுமுற்றத்து வளவில் ஆத்தங்குடித் தரைக் கல் அப்படியே பளபளக்கிறது, அதற்கு ஒன்றும் ஆகவில்லை. ஐப்பசி மழைக்கு முன் ஓடுகளை மாற்றியாக வேண்டும்; ஆள் பார்த்து வைத்திருக்கிறேன், நீ சரி என்றால் சொல்லிவிடுகிறேன்.

கோடு நம்பரை மட்டும் எடுத்து எனக்குப் போன் பண்ணு. கோளாறு சூட்டில் வருகிறதா, காலையிலேயே வருகிறதா என்பதையும் குறித்து வை. தம்பி முதலில் அதைத்தான் கேட்பார்.

அன்புடன்,
உன் பழைய ரூம்மேட்